லேபுக்குப் போகாத பாட்டில்

1

நான் வேலை செய்யும் கிடங்குக்கு வருடத்துக்கு ஒருமுறை தோல் பரிசோதனை வண்டி வரும். பெர்த் நகரத்து வெயில் அப்படி. வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிவிட்டு, ஏதோ பலகாரம் வாங்கி வந்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். நேற்று மறுபடியும் வந்தது. மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்து, உனக்கும் பெயர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "ஆமாம், உன் நிறத்துக்கு அவசியமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு என் அப்பாவை, என் நைனாவை, தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்ப ஆசைதான். ஆனால் சொல்லியிருப்பார்.

போன வருடம் நானும் அந்த வண்டியில் ஏறினேன். இலவசம் என்பதால்தான். உள்ளே சுவரில் படங்கள் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் வெளுத்த தோலில் மச்சங்கள். ஒன்றில் மட்டும் ஒரு பழுப்புநிறக் குதிகால். அதில் மசி கொட்டித் துடைத்த மாதிரி, ஓரம் கலைந்த ஒரு கறுப்பு. நர்ஸ் சொன்னாள்: கறுத்த தோல்காரர்களுக்கு இது வெயிலால் வருவதில்லை, உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும், யாரும் பார்க்காததால் பெரிதாகிவிடும்.

நான் பார்த்திருந்தேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நைனா நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்திருந்தார்.

"இன்னா நைனா குதிகால்ல?"

"ஆணிம்மா. பிளேடு போட்டன், திரும்ப வந்துட்டுது. வுடு."

வண்டியிலிருந்து இறங்கும்போதே போனை எடுத்தேன்.

2

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் வழியில் எங்கள் ஊர். நைனாவுக்கு எழுபத்தாறு வயது. ஆயுளில் பாதி மற்றவர்கள் நிலத்தில் வேலை செய்தார். மீதிப் பாதியில், தான் வாங்கிய கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுகிறார். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. தம்பி சேகர்தான் கூட இருக்கிறான். அவலூர்பேட்டைக்கும் செஞ்சிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

அவனைக் கூப்பிட்டு, நாளைக்கே நைனாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றேன்.

"யக்கா, நீ அங்க வண்டில ஏறி படம் பாத்துட்டு வந்து இங்க ஆட்டம் காட்டாத. ஆணிக்கு யாராவது பாண்டிச்சேரி போவாங்களா?"

"அது ஆணி இல்லடா."

"நீ டாக்டரா? ஸ்டோர்ல கணக்குதான எழுதற?"

செஞ்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினான். அவர் ஆணிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த மருந்துச் சீட்டை சேகர் வெற்றிப் பத்திரம் போல எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் விடுப்புக்கு எழுதினேன். இங்கே அலுவலகத்தில் எல்லோரும் மிக அன்பாகப் பேசுவார்கள். எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார்கள். அரை மணி நேரத்தில் மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது: அப்பாவுக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் ஏன் பார்த்துக்கொள்ளக் கூடாது, நோயை உறுதிசெய்யும் சான்று எங்கே. நோயை உறுதிசெய்யத்தான் போகிறேன் என்று பதில் எழுதினேன். அதை அவர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

நான் ஊருக்குப் போய், நைனாவைப் புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். குதிகாலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய்களில் பொல்லாதது.

அங்கே முதலில் பார்த்த டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்பே வயதைக் கேட்டார். பிறகு நைனாவிடம், "இவ்வளவு வயசாச்சு, ஒரு செருப்பு போட மாட்டீங்களா பெரியவரே?" என்றார்.

நைனா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பதில் சொல்வது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்கள் தெருவிலிருந்து வயலுக்குப் போகும் வழியில் இன்னொரு தெரு இருக்கிறது. அதைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. அதற்குள் நைனா, கையில் தூக்குவதற்கு எதற்குச் செருப்பு என்று, வாங்குவதையே விட்டுவிட்டிருந்தார். வெறும் காலில் நடந்ததால் இந்த நோய் வந்ததா என்று கேட்டால், அப்படிச் சொல்ல முடியாது என்று அதே டாக்டர்தான் சொன்னார். அப்புறம் எதற்குக் கேட்டார்?

3

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். இது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காலிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் இடம் அந்த நெறிதான். புற்று குதிகாலை விட்டுக் கிளம்பியிருந்தால், பெரும்பாலும் முதலில் அங்கேதான் தங்கும். வெளியே வீக்கம் தெரியாது. அந்த முதல் நெறியைக் கண்டுபிடித்து, எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். அதற்குத்தான் நெறி பயாப்ஸி என்று ஒன்று செய்வார்கள்.

"இந்த வயசுல நெறியெல்லாம் எதுக்கும்மா நோண்டிக்கிட்டு? குதிகாலை எடுத்துட்டு நிம்மதியா விட்டுடலாம்" என்றார் முதல் டாக்டர். யாருடைய நிம்மதி என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அதே மருத்துவமனையில் இன்னொருவர், இளம் அறுவை மருத்துவர், உட்காரவைத்துப் பேசினார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் பொய் இல்லை. நெறியை எடுப்பதாலேயே ஆயுள் கூடிவிடாது என்றார். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியும், அதை வைத்து மேற்கொண்டு என்ன மருந்து, எவ்வளவு அடிக்கடி ஸ்கேன் என்று முடிவு செய்யலாம். வயதானவர்களுக்குக் கால் வீங்கலாம், புண் ஆற நாளாகலாம். மயக்க மருந்தை இதயம் தாங்க வேண்டும். வயதை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்வதும் தப்பு, ஆளைப் பார்க்காமல் செய்வதும் தப்பு. "தினம் நடப்பாரா?" என்று கேட்டார். நிலத்துக்குப் போய் வருவார் என்றேன். "அப்படின்னா செய்யலாம். குதிகாலை வெட்டும்போதே சேர்த்துச் செய்யணும். வெட்டிட்டா தோலுக்கடியில வழி கலைஞ்சிடும். அப்புறம் முதல் நெறி எதுன்னு நம்பிக்கையாச் சொல்ல முடியாது."

ஒரே ஒரு வாய்ப்பு. நான் சரி என்றேன்.

சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்றார் சித்தப்பா. அவருக்குத் தெரிந்த ஒருவர் பயாப்ஸி செய்த மறுமாதம் போய்விட்டாராம். அவர் நோயால் போனாரா ஊசியால் போனாரா என்று கேட்டேன். "வெளிநாடு போனா வாயும் நீண்டுடும்போல" என்றார்.

நைனாவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நம் ஊரில் புற்றுநோயை வீட்டில் எல்லோரிடமும் சொல்வார்கள், வந்தவரிடம் தவிர. இளம் டாக்டரும் அந்த வழக்கத்துக்கு ஒத்துப்போனார். நைனாவின் தோளைத் தட்டி, "கட்டிய எடுத்துடறோம் பெரியவரே. கூடவே தொடையிடுக்குல ஒரு நெறி. அது நல்ல நெறிதான். நல்லாருக்குதான்னு பாக்கத்தான் எடுக்கறோம்" என்றார்.

"நல்லாருக்கறத எதுக்கு சார் எடுக்கணும்?" என்றார் நைனா.

எல்லோரும் சிரித்தோம். நைனா சிரிக்கவில்லை.

4

சேர்க்கும் இடத்தில் ஒரு பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அட்டெண்டர் யாரு?"

"நான்தான். மகள்."

"ஆதார் குடுங்க."

ஆதார் இல்லை. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஃபாரினரா மேடம்? சிஸ்டம்ல ஃபாரினர் அட்டெண்டருக்கு இடமில்லையே" என்றாள். எழுபத்தாறு வருடம் செஞ்சியைத் தாண்டி அதிகம் போகாத ஒருவரின் மகள் நான். அவளும் பிறந்திருக்கக்கூடிய புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில்தான் நானும் பிறந்தேன். அதையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "வேற யாராவது இருக்காங்களா?" என்றாள். சேகர் பின்னாலிருந்து கையை நீட்டி ஆதாரைக் கொடுத்தான். அப்படித்தான் காகிதத்தில் எல்லாவற்றுக்கும் சேகர் பொறுப்பாளன் ஆனான்.

அறுவை முடிந்தது. நெறியைக் கண்டுபிடிக்க நீலச் சாயத்தைக் குதிகாலில் ஏற்றுவார்கள். சாயம் போகும் வழியே போய்ப் பார்ப்பார்கள். மறுநாள் நைனாவின் கால் நீலமாக இருந்தது. சிறுநீர் பச்சையாகப் போனது.

"உள்ள பூந்து நீலக் கொடி ஏத்திட்டானுங்கம்மா" என்றார். எங்கள் தெருமுனைக் கொடிக்கம்பத்தில் பறப்பதும் நீலம்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனாவுக்கு அதில் இன்னும் சந்தோஷம்.

பெர்த்திலிருந்து என் மகன் கவின் வீடியோவில் வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ் அவன் வாயில் எப்போதும் இரவல் சட்டை மாதிரிதான்.

"தாத்தா, உங்க கால் எப்படி இருக்கான்?"

"இருக்கான்டா பேராண்டி. நீலமா இருக்கான். உன்னக் கேட்டான்."

நான் வராந்தாவுக்குப் போனை எடுத்துப் போனதும் கவின் ஆங்கிலத்துக்கு மாறினான். "தாத்தாகிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லக் கூடாது."

"அவர் உடம்புதானே அம்மா? அவரைக் கேட்காம எப்படி அவர் உடம்புல இருந்து எடுக்கறீங்க? இங்க அது சட்டப்படி தப்பு."

அங்கே இருந்துகொண்டு எனக்குச் சட்டம் சொல்லாதே, தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாத உனக்கு அவர் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். செவிலியர் ஒருவர் வந்து சத்தம் போடாதீர்கள் என்றார். கவின் ஏற்கெனவே போனை வைத்துவிட்டிருந்தான்.

விடுப்பு முடிந்து நான் பெர்த் திரும்பினேன். முடிவு வந்ததும் சொல்கிறேன் என்றான் சேகர்.

5

"ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துடும்க்கா."

இதே கேள்வி, இதே பதில். நான் கப்பல் பெட்டிகளின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். மனம் ஒரு மொச்சைக் கொட்டை அளவுச் சதையில் இருக்கும். அதில் இருக்கிறதா இல்லையா. இருந்தால் என்ன மருந்து, அதை நைனா தாங்குவாரா. இல்லை என்றால் நான் ஒரு இரவாவது தூங்குவேன்.

குதிகால் சதையின் முடிவு வந்தது. ஓரம்வரை சுத்தமாக எடுத்துவிட்டார்கள். நெறியின் முடிவு வரவில்லை. சேகர் போனை எடுப்பதைக் குறைத்தான். நானே லேபைக் கூப்பிட்டேன். பல கைகள் மாறி ஒரு பெண் பேசினாள்.

"அந்தப் பேர்ல ஒரு பாட்டில்தான் மேடம் வந்திருக்கு. குதிகால்."

"ரெண்டு பாட்டில். தொடையிடுக்கு நெறி இன்னொன்னு."

"இல்ல மேடம். ஒண்ணுதான்."

அந்த மருத்துவமனையில் இந்தச் சோதனைக்கு வசதி இல்லை. எடுத்ததை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு அட்டெண்டர் கையில் கொடுத்து, வெளியே உள்ள லேபில் சேர்க்கச் சொல்வார்கள். மனித உடம்பிலிருந்து எடுத்ததை மஞ்சள் பையில் போட்டு ஆட்டோக்காரனிடம் கொடுத்து அனுப்பும் ஏற்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அச்சில் வராது.

சேகரை வீடியோவில் பிடித்தேன். வீட்டு வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நெறி பாட்டில் எங்கடா?"

தண்ணீர்க் குழாயை நிறுத்தினான்.

"பொதச்சிட்டோம்க்கா."

"இன்னா?"

"நைனாதான் கேட்டாரு. நீ கீழ மருந்து வாங்கப் போயிருந்த. நர்ஸு ரெண்டு பாட்டிலும் குடுத்தாங்க. எது இன்னான்னு கேட்டாரு, சொன்னன். 'கட்டி நோவு. அத குடுத்துடு. இது நல்ல சதன்னு டாக்டரே சொன்னாரு. உசுரோட இருக்கறவன் சதைய கண்டவன் கையில குடுப்பியா? நம்ம நெலத்துல போடு'ன்னாரு."

"நீயும் போட்டியா? அறிவு இருக்குதாடா உனக்கு?"

"வாய்க்கா பக்கத்துல. பால் ஊத்திதான் மூடுனன்" என்றான், அது ஒரு பதில் என்பது போல.

எங்கள் ஆட்கள் புதைப்பவர்கள். விபத்தில் விரல் போனாலும் எடுத்து வந்து புதைப்போம். மண்ணுக்குப் போக வேண்டியது மண்ணுக்கு. இதெல்லாம் எனக்கும் தெரியும். நான் அங்கிருந்து வந்தவள்தான். இருந்தாலும் அன்றைக்கு நான் அவனைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அவனும் சும்மா இருக்கவில்லை. "வருசத்துக்கு ஒரு தபா ஏரோப்ளேன்ல வந்து ஆர்டர் போட்டுட்டுப் போற. அவரு மூத்திரம் பச்சயாப் போறத தொடச்சவன் நானு" என்றான். நான் வைத்துவிட்டேன்.

இளம் டாக்டரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "நான் நல்ல நெறின்னு சொன்னது அவர் பயப்படக் கூடாதுன்னுதான்" என்றார். யாரைக் கேட்டு அவர் பயத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது கவினின் கேள்வி என்று தெரிந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

இனி அந்தச் சோதனை கிடையாது என்றார். அடிக்கடி ஸ்கேன் செய்து, கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

6

சில மாதங்கள் ஒன்றும் இல்லாமல் போயின. போன மாதம் சேகர் தானாகக் கூப்பிட்டான். நாங்கள் பேசுவதை நிறுத்தியிருந்தோம். அவன் பெயரைத் திரையில் பார்த்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"நெறி கட்டிருக்குதுக்கா. கோலிகுண்டு மாதிரி. கால்ல சின்னப் புண்ணும் இருக்குது. அதனாலயா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஊசி குத்தி நீர் எடுத்துப் பாக்கணுமாம். நைனா மாட்டேன்றாரு. உன்கிட்ட பேசணுமாம்."

நைனா போனை வாங்கினார். கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது.

"ஊசி போட்டுக்கறன்" என்றார். "ஆனா டாக்டரு என்கிட்டதான் சொல்லணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

"நைனா, அது உனக்குப் புரியாது..."

"எனக்கு இன்னா வந்துருக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா? ஆஸ்பத்திரில வார்டு வாசல்ல புற்றுநோய்ப் பிரிவுன்னு இம்மாம் பெருசாத் தமிழ்ல எழுதி வெச்சிருக்குது. அஞ்சாவது வரைக்கும் படிச்சவன்மா நானு."

"தெரிஞ்சே எதுக்கு நைனா அத பொதைக்கச் சொன்ன?"

"நல்லாருக்குதுன்னு அவரு சொன்னாரு. நல்லாவே இருக்கட்டும்னு வுட்டுட்டன்."

ஊசி போட்டார்கள். முடிவு வந்த அன்று சேகர் வெளியே உட்காரவைக்கப்பட்டான். கதவைச் சாத்திக்கொண்டு நைனாவும் இளம் டாக்டரும் பேசினார்கள். வெளியே வந்த நைனா, காகிதத்தை அங்கேயே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, டீ குடிக்கலாம் வா என்றாராம். டாக்டரை நான் விடவில்லை. மருத்துவமனைக்கும் அவர் கைப்பேசிக்கும் மாறி மாறி அடித்தேன். "பெரியவர் என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாரும்மா. அவர் முழு அறிவோட இருக்கார். அவர் சொல்லாம நான் சொல்ல முடியாது" என்றார். முன்பு நாங்கள் கேட்காமலே பொய் சொன்ன மனிதர் இப்போது விதி பேசுகிறார்.

மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். நோய் இல்லாதவரையும் அப்படிச் சொல்வார்கள். நோய் முற்றி, இனி செய்ய ஒன்றுமில்லாதவரையும் அப்படிச் சொல்வார்கள். நைனா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, நிலத்துக்குப் போகிறாரா என்று சேகரைக் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறான். அவனும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது குரலில் தெரிகிறது. இப்போது அவனுக்கும் எனக்கும் சண்டை போட எதுவும் மிச்சமில்லை.

இன்று காலை நைனாவிடமே கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. நீ பயப்படாத. உன் வேலயப் பாரு."

"உண்மையச் சொல்லு நைனா."

அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க எனக்குச் சொன்ன மாதிரியேதாம்மா நானும் சொல்றன்" என்றார். பிறகு போனை சேகரிடம் கொடுத்துவிட்டார்.